வாய் அடைத்த குழாய்

மயிலை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதில் ராசப்பனின் வலது தோள் பிசகிப்போனது. மாட்டின் மேல் அவருக்குக் கோபம் இல்லை. தலைச்சன் சினை. தகரக் கொட்டகை சரிந்த மாதிரி ஒரு கார் பக்கத்தில் வந்து உறுமினால் அது ஓடாமல் என்ன செய்யும்? கோபமெல்லாம் காரின் மேல்தான். ஆனால் கார் பண்ணாடி மகனுடையது. பண்ணாடி வீட்டுப் பொருள் மேல் கோபப்பட்டு ராசப்பனுக்குப் பழக்கம் இல்லை.

பண்ணாடி திருமூர்த்தியின் பண்ணை வெள்ளகோவிலுக்கு மேற்கே, மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. கேட்டுக்குள் நுழைகிற வண்டி எதுவானாலும் மாடுகள் நிற்கிற கட்டுத்தரையை உரசிக்கொண்டுதான் கொட்டகைக்குப் போயாக வேண்டும். கட்டுத்தரைக்குப் பின்னால் இரண்டு அறை ஓட்டு வீடு. மாடுகளைப் பார்த்துக்கொள்கிற ராசப்பனும் அவர் சம்சாரம் பாவாத்தாளும் அதில்தான் இருந்தார்கள். ராசப்பனின் அப்பன் செத்ததும் அந்த வீட்டில்தான்.

திருமூர்த்தியின் மகன் யஷ்வந்த் கோயமுத்தூர் பீளமேட்டில் படித்தவன். படிப்பு முடிந்ததும் பழைய டர்போ கார் ஒன்றை வாங்கி, லீவு நாளில் ரேஸ் ட்ராக்கில் ஓட்டிப் பழகினான். எவனோ ஒரு மெக்கானிக் அதன் சைலன்சரை அறுத்தெறிந்துவிட்டு நேர்க்குழாய் வைத்துக் கொடுத்திருந்தான். மயிலை ஓடிய அன்று திருமூர்த்தி மகனைக் கூப்பிட்டார்.

"சத்தத்தக் கொறை. இல்லீனா அதப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுரு."

"ரோட்டோரம் நிறுத்திக்கறனுங்கப்பா."

"கரூர் லாரிக்காரன் உரசிப்போட்டுப் போவான். அப்பறம் அதுக்கும் எங்கிட்டத்தான் வந்து நிப்ப."

யஷ்வந்த் கோயமுத்தூரில் விசாரித்தான். கார் பைத்தியம் பிடித்த பையன்கள் எல்லாரும் ஒரே பட்டறையைத்தான் சொன்னார்கள். பட்டறைக்காரன் பேர் ரூபன். ராசப்பனின் மகன்.

தோளுக்குக் கட்டுப் போடக் கோயமுத்தூர் போன அன்றுதான் ராசப்பன் மகனுடைய வேலையைக் கிட்ட நின்று பார்த்தார். யஷ்வந்தின் காரை ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். அடியில் ரூபன் நின்றிருந்தான். கையில் ஒரு எவர்சில்வர் குழாய். ராசப்பனின் முழங்கை அதற்குள் தாராளமாகப் போகும்.

"இத்தாச்சோட்டுக் கொழாய் எதுக்குப்பா?"

"என்ஜின் உடற பொகைதானுங்கப்பா டர்போவச் சுத்துது. சுத்திப்போட்டு வெளிய வர்ற பொகைக்கு ஒரு தடங்கலும் இருக்கப்படாது. இருந்தா வண்டிக்கு மூச்சு முட்டும்."

"பெருசா வெச்சா சத்தமும் பெருசாத்தான வரும்?"

"வரும். பொகைக்கு வழி உடோணும், சத்தத்துக்கு உடப்படாது. அதுக்குத்தான் என்னையத் தேடி வராங்க. இந்தக் கோயமுத்தூர்ல என்னய மாதிரிக் கொழாய் வளைக்கறவன் இன்னொருத்தன் இருந்தாக் கூட்டியாங்க, பட்டறைச் சாவியக் குடுத்துப்போடறேன்."

ராசப்பனுக்குக் கூச்சமாக இருந்தது. இப்படியா ஒருத்தன் தன் வாயால் சொல்லிக்கொள்வான்? ஆனால் பார்க்கப் பார்க்க, பையன் குறைத்துத்தான் சொல்லியிருக்கிறான் என்று பட்டது. குழாயை வெள்ளரிப் பிஞ்சு நறுக்குவது போலச் சாய்வுத் துண்டுகளாக அறுத்தான். ஒவ்வொரு துண்டையும் ஒரு நூல் திருப்பி வைத்துப் பற்றவைத்தான். துண்டுகள் சேரச் சேரக் குழாய் பாம்பாக வளைந்து, கியர் பெட்டியைத் தொடாமல், பெட்ரோல் டேங்கைத் தொடாமல், இண்டு இடுக்கெல்லாம் புகுந்து பின்பக்கம் போய்ச் சேர்ந்தது. பற்றவைக்கும்போது இரண்டு முனையையும் அடைத்து உள்ளே ஒரு காஸை நிரப்பினான். இல்லாவிட்டால் உள்பக்கம் கருகிப் பொரிந்துவிடுமாம்.

"உள்ள ஆருப்பா பாக்கப் போறாங்க?"

"பொகை பாக்குமல்லங்கப்பா."

ராசப்பன் இடது கையை விட்டுத் தடவிப் பார்த்தார். பற்றவைத்த தையல் எங்கே இருக்கிறதென்று விரலுக்குத் தெரியவில்லை. வெளியேயோ, சில்லறைக் காசைச் சாய்த்து அடுக்கிய மாதிரி நீலமும் பொன்னுமாக ஓடியது. மண்வெட்டிக் காம்பும் சாணியும் பிடித்த கையின் வாரிசுக் கை இது என்பதை நம்புவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

யஷ்வந்த் அடியில் லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இன்னுங் கொஞ்சம் தூக்கிப் புடிங்க ப்ரோ" என்றான் ரூபன். தூக்கிப் பிடித்தான்.

லைட்டைத் தான் வாங்கிக்கொள்ள ராசப்பன் இடது கையை நீட்டினார். அந்தப் பிள்ளையை அவர் தோளில் வைத்துத் தேருக்குத் தூக்கிப் போயிருக்கிறார். ஒரு நாளும் ஒரு வேலை சொன்னதில்லை.

மறுவாரம் யஷ்வந்த் காரைப் பண்ணைக்குக் கொண்டுவந்தபோது ரூபனும் கூட வந்தான். காரில் ஏற்றி வந்த வெல்டிங் மெஷினைப் பார்த்து, எதற்கு என்று பிறகு ரூபனிடம் கேட்டார் ராசப்பன். "எடத்துல ஓட்டிப் பாக்காம வேலை முடியாதுங்கப்பா" என்றான்.

ரோட்டில் கார் வந்ததே தெரியவில்லை. கேட்டுக்குள் திரும்பி, மண் தடத்தில் மெல்ல ஊர்ந்தபோதுதான் அது வந்தது. பெரிய சத்தம் இல்லை. தொண்டைக்குள் அடக்கிய ஒரு 'ம்ம்ம்'. காதை விட நெஞ்சுக்கூட்டில்தான் கேட்டது. மயிலை முளைக்குச்சியைச் சுற்றித் துள்ளி, கால் இடறி மண்டி போட்டு விழுந்தது. ராசப்பன் ஒற்றைக் கையால் தலைக்கயிற்றைப் பிடித்துத் தொங்கினார்.

திருமூர்த்தி வீட்டிலிருந்து இறங்கி வந்தார். மாட்டின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். பிறகு ரூபனைப் பார்த்தார்.

"நாளைக்கு ஒரு நாள் பாப்பேன். இன்னொருக்கா மாடு மெரண்டுச்சுன்னா காரும் கேட்டத் தாண்டப்படாது, அதுக்குக் கொழாய் வெச்சவனும் தாண்டப்படாது. பெத்தவங்களப் பாக்கோணும்னா ரோட்டுக்குக் கூப்பிட்டுப் பாத்துக்க."

அவர் சொன்னால் செய்வார். கூடப் பிறந்த தம்பியையே அந்தக் கேட்டுக்கு வெளியில் வருசக்கணக்காக நிறுத்தி வைத்திருக்கிற ஆள். ராசப்பன் ஓட்டு வீட்டைப் பார்த்தார், மகனைப் பார்த்தார்.

"எங்கூட வந்துருங்கன்னு எத்தன தடவ சொன்னேன்" என்றான் ரூபன்.

"மாட்ட ஆரு பாப்பா?"

"அதச் சொல்லியே ஒரு ஆயுசு போச்சு" என்றாள் பாவாத்தாள், சோற்றைப் போட்டுக்கொண்டே.

காலையில் ரூபன் காரைக் கேட்டுக்கு வெளியே தள்ளி நிறுத்தச் சொன்னான். யஷ்வந்த் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக மிதிக்க வேண்டும். ரூபன் கட்டுத்தரையில் தவிட்டு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்துகொண்டான். கையில் போன். சத்தத்தைக் கோடாகக் காட்டுகிற ஏதோ ஒன்று அதில் ஓடியது. கண் மட்டும் மயிலையின் காதில்.

சத்தம் ஏறியது. மாடு சும்மா நின்றது. இன்னும் ஏறியது. ஒரு இடத்தில் மட்டும் இரண்டு காதும் விறைத்து முன்னால் மடங்கின. அதைத் தாண்டி இன்னும் பெரிய சத்தம் வந்தபோது காது தளர்ந்துவிட்டது.

"அப்பா, பாத்தீங்களா? உங்க மாடு சத்தத்துக்கெல்லாம் பயப்படல. இந்த ஒத்த உறுமலுக்குத்தான் பயப்படுது. அதமட்டும் புடிச்சுட்டாப் போதும்."

பம்புசெட்டு ரூமில் கரண்ட் எடுத்து வேலையை ஆரம்பித்தான். பெரிய குழாயின் விலாவில் ஓட்டை போட்டு, அதில் இன்னொரு குழாயைக் கிளையாக ஒட்டினான். கிளை பின்னால் வளைந்து, சைலன்சர் பெட்டியை ஒட்டிப் போய், அப்படியே நின்றது. முனையில் ஒரு மூடி. திறப்பே இல்லை.

திருமூர்த்தி குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "வாயடைச்ச கொழாயா? பொகை எதுல போகும், உங்கொப்பன் மூக்குலயா?"

ராசப்பனுக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான்.

"பொகை போற வழி வேறைங்க. இது சத்தத்துக்கு வெச்ச முட்டுச்சந்து" என்றான் ரூபன். அப்பனைப் பார்த்துச் சொன்னான்: "தொட்டித் தண்ணி அலையடிச்சு செவுத்துல மோதித் திரும்புமல்ல? திரும்பற அலை, எதுக்க வர்ற அலை மேல சரியா மோதுனா ரெண்டுமே படுத்துக்கும். நாம செவுத்த எங்க வெக்கறதுங்கறதுதான் கணக்கு."

அந்தச் சுவரை அவன் சும்மா வைத்துவிடவில்லை. மூடியை இறுக்காமல், உள்ளேயும் வெளியேயும் தள்ளுகிற மாதிரி விட்டிருந்தான். தள்ளுவான், காரை உறுமவிடுவான், போனைப் பார்ப்பான், மாட்டின் காதைப் பார்ப்பான். சுடுகிற குழாயைக் கோணிச் சாக்கால் பிடித்து இன்னும் ஒரு நெல் அளவு தள்ளுவான். யஷ்வந்துக்கே சலித்துப்போய், "போதும் ப்ரோ, இப்பவே நல்லாத்தான இருக்கு" என்றான்.

"உங்களுக்கு நல்லாருக்கு. அதுக்கு இல்லயே" என்று மயிலையைக் காட்டினான்.

மத்தியானம் தாண்டி ஒரு தரம் கார் உறுமியபோது, மயிலையின் ஒரு காது மட்டும் ஈயை விரட்ட அசைந்தது. ரூபன் மூடியை அந்த இடத்திலேயே பற்றவைத்தான்.

சாயங்காலம் கார் ரோட்டிலிருந்து திரும்பியது. திருமூர்த்தி வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாவாத்தாள் வாசலில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ராசப்பன் வழக்கம் போலத் தலைக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"உட்ருங்கப்பா" என்றான் ரூபன். "நீங்க இறுக்கிப் புடிச்சீங்கன்னா அதுவே என்னமோ ஏதோன்னு பயந்துக்கும்."

"டேய் ராசப்பா, புடி" என்றார் திருமூர்த்தி.

கேட்டில் காரின் மூக்கு தெரிந்தது. ராசப்பன் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார். விட்டு, மாடு அறுத்துக்கொண்டு ஓடினால், நாளையிலிருந்து மகனை ரோட்டில் நின்று பார்க்க வேண்டும். தையல் தெரியாத அந்தக் குழாயின் உள்பக்கம் விரலுக்கு ஞாபகம் வந்தது.

"வேண்டாமுங்க பண்ணாடி" என்றார். கயிற்றைக் கீழே போட்டுவிட்டு இரண்டடி தள்ளி நின்றார்.

கார் மண் தடத்தில் ஊர்ந்து வந்தது. டயரில் கல் நெரிபடுவது கேட்டது. உறுமல் வருகிற இடம் வந்தது; வெறும் காற்று மாதிரி ஒன்று போனது. மயிலை அசைபோட்டுக்கொண்டே இருந்தது. கார் அதன் வால் பக்கம் கடந்து கொட்டகைக்குள் போய் நின்றது.

யஷ்வந்த் இறங்கி ஓடி வந்தான். "ரோட்டுல என்னமா இழுக்குது தெரியுமா? முன்னயவிட ஜாஸ்தி."

திருமூர்த்தி எழுந்தார். "மாடு பழகிருச்சு. நல்ல சாதுவான மாடு."

"மாடு அதே மாடுதானுங்க" என்றார் ராசப்பன். "கொழாய்தான் வேற."

"வேணும்னா பழைய கொழாய மாட்டி இன்னொருக்காக் காட்டட்டுமாங்க?" என்றான் ரூபன்.

திருமூர்த்தி அவனை ஏற இறங்கப் பார்த்தார். நடந்து போய் வீட்டுப் படியில் நின்று, "கேட்டச் சாத்தாதீங்க, அவன் வந்து போகோணுமல்ல" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவரிடமிருந்து அதற்கு மேல் வராது. அதுவே போதும்.

ராசப்பன் தோளைப் பிடித்துக்கொண்டு காருக்குப் பின்னால் குந்தி, தலையைச் சாய்த்து அடியில் பார்த்தார்.

"சுடுமுங்கப்பா, தொட்டுறாதீங்க."

"தெரியும். பாக்கத்தான பாக்கறேன்."

வாய் அடைத்த குழாய் நீலமும் பொன்னுமாக மின்னியது. வெகு நேரம் பார்த்தார். எழுந்து திரும்பியபோது மயிலை அதே பக்கம் தலையை வைத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஒரு தரமாவது கண்ணைத் தூக்கி இந்தப் பக்கம் பார்த்திருக்கலாம் என்று ராசப்பனுக்கு இப்போது அதன் மேல் கோபம் வந்தது.