எட்டெட்டாக

அரங்கத்தின் ஒலி அறையில் அண்ணன் மடிக்கணினியைத் திறந்து வைத்தான். இன்றைய கூட்டம் ஒழுங்காக நடந்தால் வருடம் முழுக்க இங்கே ஒலி வேலை அவனுக்குத்தான் என்று மேலாளர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"இந்தத் தடவை திக்காதில்ல?"

"திக்காதுண்ணா. நானே எழுதினது," என்றாள் தங்கை.

அவன் மைக்குகளை இணைத்து ஓட்டும் மென்பொருள் அவளுடைய நிறுவனத்துடையது. ஒலித் துணுக்குகளை அது முன்பு ஒவ்வொன்றாகக் கணக்கிடும். மைக் கூடினால் மூச்சு வாங்கும், சத்தம் திக்கும். மாதக்கணக்கில் மண்டையை உடைத்து, புராசஸரின் சிறப்புக் கட்டளைகளைக் கொண்டு எட்டெட்டாக ஒரே வீச்சில் கணக்கிட வைத்திருந்தாள். அந்தக் கட்டளைகளை அறியாத பழைய புராசஸர்களுக்காகப் பழைய வழியும் ஓரமாக இருந்தது. "ரெண்டையும் யாரு கட்டி மேய்க்கிறது? தூக்கிடும்மா," என்றார் அவளுடைய குழுத் தலைவர். தூக்கிவிட்டாள். அலுவலகத்தில் எல்லாம் புது இயந்திரங்கள். சோதனையில் பறந்தது.

வாசலில் கூட்டம் சேர்ந்துகொண்டிருக்க, புதிய பதிப்பை அவளே ஏற்றினாள். அந்த மடிக்கணினி அவளுடைய முதல் சம்பளத்தில் வாங்கியது. அதன் வயது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அண்ணன் அழுத்தினான். மென்பொருளின் ஜன்னல் திரையில் ஒருமுறை மின்னி மறைந்தது. மறுபடி அழுத்தினான். அதே கதை. அவள் மடிக்கணினியைத் திருப்பி அடியில் இருந்த வருடத்தைப் பார்த்தாள்: அந்தக் கட்டளைகளை அறியாத பழைய புராசஸர்.

"பழசைத் திரும்பப் போடு."

"டவுன்லோட் ஆகணும்ணா."

மேடையில் பேச்சாளர் மைக்கைத் தட்டினார். சத்தமே இல்லை. கொஞ்ச நேரத்தில் மேலாளர் வேறொருவனைக் கருவிகளோடு அழைத்து வந்தார்.

அண்ணன் ஒயரைச் சுருட்டினான். "முன்னாடி திக்கித் திக்கியாவது பேசுச்சு. நீ வாயையே தெச்சுட்டே."

மறுநாள் தலைவரிடம் பழைய வழியைச் சேர்க்கக் கேட்டாள்.

"பழைய மெஷின்காரன்லாம் நமக்குக் கஸ்டமரே இல்லம்மா."

"அதுல ஒருத்தர் என் அண்ணன், சார்."

"அப்ப புதுசா ஒண்ணு வாங்கிக் குடு." சொல்லிவிட்டு, வந்த விருந்தினருக்கு அவள் எழுதியதன் வேகத்தைக் காட்டப் போய்விட்டார்.

யாரையும் கேட்காமல் பழைய வழியை அவளே சேர்த்து, அதை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அண்ணி கதவைத் திறந்தாள்.

"அண்ணன் இல்லையா அண்ணி?"

"அந்த அரங்கத்துக்குத்தான் போயிருக்கார். புது ஆளுக்கு ஒயர் இழுக்க."

"சரி பண்ணிட்டேன். லேப்டாப்பைக் குடுங்க, போட்டுட்டுப் போறேன்."

அண்ணி நகரவில்லை. "காப்பி வேணா குடிச்சிட்டுப் போ. அதை மட்டும் உன் கையில குடுக்க வேணாம்னு சொல்லியிருக்கார்."