லாரியின் பின்கதவில் ஒரு கொக்கி

எங்கள் மூட்டை இறக்கும் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது உடம்பு முடியாமல் படுத்துவிட்டால், இல்லை வீட்டில் யாருக்காவது முடியாமல் போய் அவர் வர முடியாவிட்டால், மூட்டையைக் குத்தி இழுக்கும் அவருடைய கொக்கியை லாரியின் பின்கதவில் மாட்டிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவோம். கொக்கி தொங்கினால் ஆள் வந்த மாதிரி. கூலியைப் பிரிக்கும்போது அவர் வீட்டுக்கும் ஒரு பங்கு போய்ச் சேரும்.

என் மகளுக்குச் சிறுநீரகத்தில் புற்றுநோய்க் கட்டி என்று நான் அவளோடு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தபோது, அந்த மழைக்காலம் முழுக்க என் கொக்கி அப்படித்தான் தொங்கியது. ஒரு சிறுநீரகத்தை எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். இப்போது அவள் மாடிப்படியில் ஓடினால் துரத்திப் பிடிக்க என்னால் முடிவதில்லை.

போன வாரம் பரிசோதனைக்குப் போயிருந்தோம். "குழந்தைக்கு இந்த மருந்து எவ்வளவு போதும்னு கண்டுபிடிக்கவே பல வருஷம் ஆச்சுங்க," என்றார் டாக்டரம்மா. "இன்னும் குறைச்சுக் குடுத்தே குணமாக்க முடியுமான்னு பாக்குறோம். ஜனங்க குடுக்குற நன்கொடையிலதான் இந்த ஆராய்ச்சி ஓடுது."

மாதத்தில் ஒரு லாரிக் கூலியிலாவது அந்த ஆராய்ச்சிக்கு ஒரு பங்கு வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது. என் பங்கை மட்டும் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் என்னைத் தாங்கியது கூட்டம். கூட்டமாகக் கொடுக்கத்தான் ஆசை.

காலையில் மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் வாயைத் திறப்பதற்குள் ஒட்டகம் குறுக்கே விழுந்தான். அவன் உயரத்துக்கு நாங்கள் வைத்த பெயர் அது.

"ஆராய்ச்சின்னா யாருண்ணே? மூட்டை தூக்குவானா?"

"மாட்டான்."

"கொக்கியாவது வச்சிருக்கானா?"

"இல்லடா."

"அப்புறம் எதை மாட்டுறது, உன் மூக்கையா?"

எல்லோரும் சிரித்தார்கள். என் முகம் செத்துப்போனது. மேஸ்திரி துண்டை உதறினார். "நமக்கு வேலை செஞ்சவனுக்குத்தாம்ப்பா பங்கு. அந்த முறைய மாத்த முடியாது."

"அவங்க முன்னாடியே செஞ்சிட்டாங்க மேஸ்திரி. என் புள்ள பொறக்குறதுக்கு முந்தியே யாரோ குடுத்துட்டுப் போயிருக்காங்க. அவ மூஞ்சியக்கூடப் பாத்ததில்ல. அதுலதான் இந்த மருந்து வந்துச்சு."

டிரைவர் பொறுமையிழந்து ஹாரன் அடித்தார். ஒட்டகம் ஷெட்டுக்குள் போனான். பிடி உடைந்த தன் பழைய கொக்கியைக் கொண்டுவந்து பின்கதவில் மாட்டினான்.

"பிடியே இல்லையேடா," என்றார் மேஸ்திரி.

"அவரு என்ன தூக்கவா போறாரு?"

அன்றைக்குக் கூலியை ஒரு ஆள் கூட்டித்தான் பிரித்தார் மேஸ்திரி. அந்தக் கொக்கிக்கு இப்போது டாக்டர் என்று பெயர். மாதத்தின் முதல் லாரி வந்து நின்றால் ஒட்டகத்தின் குரல்தான் முதலில் கேட்கும்:

"ஏய், கதவத் தொறக்காதீங்கப்பா! டாக்டர் இன்னும் வேலைக்கு வரல!"