றொசானா தொப்பி போட்ட குலைகள்

தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரில் வசிக்கும் பெர்னடெற் மீது சில வருடங்களாக மழை பெய்வதில்லை. தெருவில் பெய்கிறது, ட்ராம் தண்டவாளத்தில் பெய்கிறது, கூட நடக்கும் கணவர் சவிரிமுத்து மீது தாராளமாகவே பெய்கிறது. அவளைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு மட்டும் துளிகள் விலகி விழுகின்றன. முதல் வருடம் அயலவர்கள் யன்னலைத் திறந்து பார்த்தார்கள். அடுத்த வருடம் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு ஜெஸ்ரின் மட்டும், "அக்கா, அசையாமல் நில்லுங்கோ, பிள்ளையின்ரை யூனிபோமை உங்களிலை காயப்போடப் போறன்" என்று பகிடி விடுவாள்.

காரணம் ஜப்பானில் இருக்கிறது. அவர்களின் ஒரே மகள் றொசானா வைன் செய்யப் படித்து, யமனாஷி மலையடிவாரத்துப் பண்ணை ஒன்றில் வேலைக்குப் போனாள். அங்கே கொஷு என்னும் திராட்சையைப் பாகற்கொடி போலப் பந்தலில் படரவிடுகிறார்கள். குலைகள் தலைக்கு மேலே தொங்கும். கோடை மழையின் ஈரம் பழங்களின் இடுக்கில் தங்கினால் பூஞ்சணம் பிடிக்கும், தோல் வெடிக்கும். அதனால் மெழுகு பூசிய கடதாசியைக் காம்பைச் சுற்றி மடித்து, குலைக்கு ஒரு தொப்பியாகக் குத்திவிடுவார்கள். மழை மேலே வழுகிப் போகும், காற்று கீழிருந்து ஏறும். மனிதக் கைதான் செய்ய வேண்டும். ஒரு சரிவு முழுவதற்கும் றொசானா தனியாளாகத் தொப்பி போட்டாள். தோள் வலிக்கிறது என்று தொலைபேசியில் சொன்னவளிடம் தாய், "முதல்லை உன்ரை தலைக்கு ஒண்டைப் போடு" என்றாள். அறுவடை முடிந்த வாரம் பண்ணையின் வான் மலைப்பாதையில் சறுக்கி உருண்டது. உடல் லண்டனுக்கு வந்தது. அவளுடைய பழங்களின் சாறு அங்கே தொட்டியில் நொதித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வசந்தத்தில் பண்ணைக்காரர் மொரிதா தன் வைன்களைச் சுவைக்கக் கொடுப்பதற்கு லண்டன் வந்தார். றொசானாவின் பெற்றோரையும் அது நடந்த மண்டபத்துக்கு அழைத்தார். றொசானாவின் சரிவிலிருந்து ஒரேயொரு போத்தலைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். மற்றதெல்லாம் பெரிய தொட்டியில் கலந்துவிட்டது. வெள்ளை வைனை முதலில் கொடுப்பார்கள். சிவப்பின் துவர்ப்பு நாக்கில் படிந்தால் வெள்ளையின் மெல்லிய மணம் பிடிபடாது. றொசானாவின் அந்த வெள்ளை ஏறக்குறையத் தண்ணீர். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தேசிக்காய்த் தோலின் வாசம் வந்தது. சுவைப்பவர்கள் அதை வாயில் உருட்டிவிட்டு வாளியில் துப்புவார்கள், தலை தெளிவாக இருப்பதற்காக. அதில் அவமரியாதை இல்லை. சவிரிமுத்து பஸ் சாரதி, பின்னேர ஷிப்ட் இருந்தது; அவரும் முறைப்படி துப்பினார். பெர்னடெற்றுக்கு வைன் என்றால் பூசையில் கிடைப்பது, துப்பும் பொருள் அல்ல. கண்ணை மூடி விழுங்கினாள். பிறகு வந்த சிவப்பு, ஸ்ட்ரோபெரி மணத்தோடு இளஞ்சிவப்பாக இருந்தது. அது வேறு யாரோ தொப்பி போட்டது. வெளியே வந்தபோது மழை. அவர் நனைந்தார், அவள் நனையவில்லை.

மகளின் வைனை விழுங்கியதால்தான் அவள் நனையவில்லை என்று பஸ் தரிப்பிடத்தில் விளங்கியதும் சவிரிமுத்து மண்டபத்துக்குத் திரும்பி ஓடினார். போத்தல் காலி. வாளியை எங்கே ஊற்றினீர்கள் என்று கேட்டார். சிங்கில் ஊற்றிவிட்டோம் ஐயா என்று பணிவாகச் சொன்னார்கள்.

அதன் பிறகு அவர் குடை பிடித்ததில்லை. "இஞ்சாருங்கோ, கிட்ட வாங்கோவன்" என்பாள் பெர்னடெற்.

"அது அவள் உமக்கெண்டு விட்டது."

"நீங்கள் பஸ் ஓட்டவேணும் எண்டு அவளுக்குத் தெரியாதே?"

"தெரியும். எண்டாலும் துப்பினது நான்தானே, நனையிறன்."

நவம்பரில், மரித்த ஆத்துமாக்களின் திருநாளன்று கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுவது பங்கு மக்களின் வழக்கம். வழக்கமாக லண்டன் மழை எல்லாவற்றையும் அணைத்துவிடும். மகளின் கல்லறை மேல் பெர்னடெற் குனிந்தபோது திரி நின்று எரிந்தது. அடுத்த கல்லறையில் நின்ற துசியந்தி, "அன்ரி, அம்மாவுக்கும் ஒருக்கால் குனிவியளோ?" என்று கேட்டாள். இப்போது பெர்னடெற் எந்த வரிசையிலிருந்து தொடங்குவாள் என்பதைப் பூசை முடிவில் சுவாமியாரே அறிவிக்கிறார். அவள் குனிவாள், சவிரிமுத்து லைட்டரோடு கையை அந்த ஒரு முழத்துக்குள்ளே நீட்டிப் பற்றவைப்பார். கோட்டிலிருந்து தண்ணீர் வடியும். கை மட்டும் மணிக்கட்டு வரை காய்ந்திருக்கும். திரி பற்றியதும் கையை எடுத்துவிடலாம். மற்றக் கல்லறைகளில் எடுத்துவிடுகிறார். றொசானாவுடையதில் எடுப்பதில்லை. பின்னால் நிற்பவர்கள் நனைந்துகொண்டே காத்திருக்கிறார்கள்; ஒருவரும் அவசரப்படுத்துவதில்லை.