கேமரா கேட்ட முகம்

"கமலா, நீ உள்ளயே இரு. முன்னால வந்துடாத."

கூடத்திலிருந்து நாராயணசாமி குரல் கொடுத்தபோது, கமலா கையில் போனோடு சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். விசா அவளுக்குத்தான். பாஸ்போர்ட்டும் அவளுடையதுதான். ஆனால் நல்ல காரியம் தொடங்கும்போது தாலியறுத்தவள் எதிரில் நிற்கலாமா? அதனால் லேப்டாப்புக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, அதன் முன்னால் நாராயணசாமியின் மருமகள் ஜெயசுதாவை உட்கார்த்தியிருந்தார்கள்.

நாராயணசாமி கமலாவின் செத்துப்போன புருஷனுக்கு அண்ணன். தியாகதுருகம் பக்கத்தில் கரும்பு போடுகிறவர். ஊரில் யார் வீட்டுக் காரியமானாலும் நேரம் பார்த்துச் சொல்லும் பொறுப்பை, யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்ட பெரிய மனுஷர்.

கமலாவின் ஒரே மகள் தேவிப்ரியா வெளிநாட்டில் நிறைமாதமாக இருந்தாள். மாப்பிள்ளைக்கு ராத்திரி வேலை, அவருக்கு அம்மாவும் இல்லை. வலி வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளக்கூட ஆள் கிடையாது. பிரசவத்துக்குள் போய்ச் சேரத்தான் கமலாவுக்கு இந்த விசா.

விசா இணையதளத்துக்கோ அந்த அவசரமெல்லாம் தெரியவில்லை. போட்டோ பெரிசு என்றது. சுருக்கிப் போட்டால் தெளிவில்லை என்றது. குடும்பப் பெயர் கேட்டது. இந்தப் பக்கத்தில் யாருக்கு இருக்கிறது குடும்பப் பெயர்? இனிஷியலைப் போட்டால், ஒற்றை எழுத்தெல்லாம் ஒரு பெயரா என்று சிவப்பு எழுத்தில் திட்டியது.

"சின்னத்தே, ஓடிபி வந்துச்சா?" என்று கேட்டாள் ஜெயசுதா.

"வந்துடுச்சும்மா. சொல்றேன், எழுதிக்கோ."

"வாணாம், வாணாம்!" என்று பதறினார் நாராயணசாமி. "அவ வாயால சொல்ற நம்பர வெச்சா ஆரம்பிக்கிறது? நீயே போய் பாத்துக்கினு வா."

ஜெயசுதா சமையலறைக்கு ஓடினாள், பார்த்தாள், முணுமுணுத்துக்கொண்டே திரும்பி ஓடிவந்தாள். அதற்குள் ஓடிபி காலாவதியாகியிருந்தது. இப்படியே சில நடை. ஒருவழியாகப் பக்கம் திறந்தபோது பத்தரை மணி.

"நிறுத்தும்மா! ராவு காலம்."

கையைக் கட்டிக்கொண்டு எல்லோரும் காத்திருந்தார்கள். இணையதளம் காத்திருக்கவில்லை. நிரப்பியதையெல்லாம் துடைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து வா என்றது. "இன்னா நாடு இது, ஒரு நல்ல நேரம் கெட்ட நேரம் தெரியல" என்று அந்த தேசத்துக்காக வருத்தப்பட்டார் நாராயணசாமி.

கடைசிப் படிக்கு வரும்போது மாலையாகிவிட்டது. லேப்டாப்பில் கேமரா திறந்தது.

"விசா கேக்கிறவங்க நேரா பாக்கணுமாம் மாமா" என்றாள் ஜெயசுதா.

"நீயே பாரும்மா. நெத்தியில பொட்டோட லட்சணமா இருக்க."

ஜெயசுதா தயங்கித் தயங்கிப் பார்த்தாள். முகம் பொருந்தவில்லை என்று வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். பொருந்தவில்லை.

"இன்னொரு வாட்டி தப்பா போனா மூடிடுமாம் மாமா. ஒரு மாசம் கழிச்சுதான் கேக்க முடியுமாம்."

ஒரு மாதம்! கமலா யாரும் கூப்பிடாமலே கூடத்துக்கு வந்தாள். ஜெயசுதா மறுபேச்சில்லாமல் எழுந்து நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள். மாமனார் முறைத்தபோது சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

கமலா உட்கார்ந்தாள். பொட்டில்லாத அந்த முகம் திரையில் தெரிந்தது. அவள் தோளுக்கு மேலே நாராயணசாமியின் விபூதி நெற்றியும் எட்டிப் பார்த்தது. முகத்தைச் சோதிக்கத் தொடங்குமுன்பே சிவப்பு எழுத்து வந்தது.

"இன்னாவாம்?" என்றார் அவர்.

ஜெயசுதா சிரிப்பை அடக்கிக்கொண்டு படித்துச் சொன்னாள். "உங்க மூஞ்சி ஆவாதாம் மாமா. தள்ளிப் போவணுமாம்."

பெரிய மனுஷர் நகர்ந்தார். அடுத்த நொடியே பச்சை விழுந்தது. அனுப்ப வேண்டியது மட்டும்தான் பாக்கி.

"தொடாத! எமகண்டம் நடக்குது" என்று வாசற்படியிலிருந்து கத்தினார் நாராயணசாமி. "நாளைக்கு காலையில நல்ல நேரத்துல ஜெயசுதா கையால அனுப்பலாம்."

கமலாவுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. ஆனாலும் குரல் உயரவில்லை.

"என் பொண்ணு பெத்துப் போட்டா, அந்த புள்ளைய மொத மொதல்ல கையில வாங்கப் போறது நான்தான் மாமா. அது கண்ண தொறந்து பாக்கப் போறதும் இந்த மூஞ்சியத்தான். அது எமகண்டத்துல பொறந்துச்சுன்னா, நாளைக்கு காலையில வாடான்னு திருப்பி அனுப்பிடலாமா?"

அவர் பதில் யோசிப்பதற்குள் கமலா பொத்தானை அழுத்திவிட்டாள்.