பத்யா எழுதிக் கொடுத்த மன்னிப்பு

கேக்கின் மேல் பெயர் எழுதச் சொன்னதும் கடைப்பெண் க்ரீம் பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"மாப்பிள்ளை நஃப்தாலின்னா, ஹசோன் தெரு நஃப்தாலியா?"

ஆமாம் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். ஆசாரமான யூதர்கள் வாழும் எங்கள் பினே பிராக்கில் இருபது வருடமாக வரன் பார்த்துக் கொடுக்கிறேன். முப்பத்தொரு கல்யாணம் என் கைராசியில் நடந்திருக்கிறது, இது முப்பத்திரண்டாவது. பெண் ஹென்யா, பத்தொன்பது வயது, வாயைத் திறந்தால் சிரிப்புதான். அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு நிச்சயம்.

"நான் பத்யா," என்றாள் அவள்.

ஆளைப் பார்த்ததில்லையே தவிர, பெயர் நன்றாகத் தெரியும். நஃப்தாலிக்கு முதலில் நிச்சயமாகி, இரண்டு வருடத்துக்கு முன் முறிந்துபோன பெண். நிச்சயம் முறிந்தால் இரு தரப்பும் ஒருவரையொருவர் மன்னித்து எழுதிக் கொடுக்க வேண்டும், அதில்லாமல் வேறு வரன் பேச மாட்டார்கள். பத்யா கையெழுத்திட்ட காகிதத்தை நஃப்தாலியின் தாய் என்னிடம் காட்டியிருந்தாள். மனதில் ஒரு குறையும் இல்லை, முழு மனதோடு மன்னிக்கிறேன் என்று இருந்தது. அவளே அப்படி எழுதியிருக்கும்போது நான் என்ன துருவுவது என்று விட்டுவிட்டேன்.

நான் ஒன்றும் விசாரிக்காதவள் இல்லை. பதினோரு பேருக்கு போன் போட்டேன். காலைத் தொழுகைக்கு நேரத்துக்கு வருகிறானா, சப்பாத் ஓய்வுநாளன்று அவர்கள் மேஜையில் துணி விரிப்பா பிளாஸ்டிக்கா என்பது வரை கேட்டேன். எல்லோரும் தங்கமான பையன் என்றார்கள். கூடப் படித்தவன் மட்டும் கொஞ்சம் தயங்கி, "கெட்டிக்காரன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். புறம் பேசப் பயந்தவன், நல்ல பிள்ளை என்று அவனைத்தான் மெச்சினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பத்யா வலது கையை நீட்டினாள். நடுவிரலும் மோதிர விரலும் பாதியில் வளைந்து நின்றன.

"கார்ல ஏறப்போனேன். கதவு இடுக்குல என் கை இருந்துச்சு. பாத்துட்டுத்தான் சாத்தினான். அப்பறம் தொறக்காம என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னான். அதுக்கு முன்னாடி அவன் அண்ணன் ஏதோ சொன்னாருன்னு சிரிச்சிருந்தேன், அவ்வளவுதான். நான் கத்தினப்ப என்ன சொன்னான் தெரியுமா? 'நான் உன்னைத் தொடவே இல்லையே'ன்னான்."

கல்யாணத்துக்கு முன் பெண்ணை விரல் நுனியால்கூடத் தொடக்கூடாது. அந்தக் கட்டுப்பாட்டை அவன் மீறவில்லை.

"அப்ப ஏம்மா மன்னிச்சு எழுதிக் குடுத்தே?"

"மன்னிச்சேன், அதான் எழுதினேன். காலம் பூரா அவனை மனசுல தூக்கிட்டு அலையச் சொல்றீங்களா? ஆனா வரன் விஷயமா யாராவது கேட்டா மறைக்கக்கூடாது, நடந்ததைச் சொல்லியே ஆகணும்னு எங்க ரப்பி சொல்லியிருந்தார். யாராவது போன் பண்ணுவாங்கன்னுதான் இருந்தேன். நீங்க ஏன் பண்ணல?"

அவள் கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லி மழுப்பியிருப்பேன். அவள் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கேக்கை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

பெண் வீட்டுக்குப் போன் போட்டால் யாரும் எடுக்கவில்லை. விருந்தாளிகள் வந்திருக்கும் வீட்டில் யார் எடுப்பார்கள். பஸ் ஊர்ந்தது. இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி ஓடினேன். அறுபது வயதில் நான் ஓடுவதைப் பார்த்துத் தெருவே திரும்பியது. நிச்சயத்தன்று இரண்டு தாய்மாரும் சேர்ந்து ஒரு பீங்கான் தட்டைப் போட்டு உடைப்பார்கள். தட்டு உடைந்துவிட்டால் பிறகு நிச்சயத்தைக் கலைக்கப் பயப்படுவார்கள், அதைவிட விவாகரத்தே மேல் என்பார்கள் எங்கள் ஆட்கள். ஹென்யாவைப் பெற்றவள் ரெய்ஸலும் அந்த ரகம்தான், எனக்குத் தெரியும்.

பெண்கள் கூடியிருந்த அறைக்குள் நுழைந்தபோது தட்டு துணியில் சுற்றப்பட்டு இருவர் கையிலும் இருந்தது.

"வாங்க பிரைந்தல், உங்களுக்காகத்தான் நிக்கிறோம். கேக் எங்க?" என்றாள் ரெய்ஸல்.

நான் கேக்கைப் பற்றிப் பேசவில்லை. தட்டுக்கு அடியில் என் இரண்டு கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டேன். மூச்சு வாங்கியது. வரும் வழியெல்லாம் யோசித்து வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட வரவில்லை.

"பத்யாவப் பாத்துட்டு வரேன்," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

நஃப்தாலியின் தாய்க்கு முகம் வெளுத்தது. "என் பையன் அவளைத் தொடவே இல்ல," என்றாள்.

தொட்டான் என்று நான் சொல்லவே இல்லை. அறையில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. ரெய்ஸல் சம்பந்தியையே பார்த்தாள், பிறகு மெல்லத் தன் கையை எடுத்துக்கொண்டாள்.

ஹென்யா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். முகத்தில் சிரிப்பு இன்னும் முழுதாக மறையவில்லை.

"தொடலன்னா, வேற என்ன பண்ணாரு?"

அந்த அம்மாள் கையும் தட்டிலிருந்து நழுவியது. அடுத்த அறையில் விஷயம் தெரியாமல் ஆண்கள் பாட ஆரம்பித்திருந்தார்கள், நஃப்தாலியின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. துணி அவிழ்ந்து, தட்டு முழுசாக என் கையில் இருந்தது.