புல்லியில் ஒரு புள்ளி

ராணி டீச்சரின் பழைய காரில் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்து, ஏற்காட்டில் நான் வேலை பார்க்கும் பட்டறைக்கு இழுத்து வந்தார்கள். பஸ் வராத எங்கள் ஊருக்கு அந்த வண்டியில் வந்துதான் அவர் என்னைப் போன்ற பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுக்கிறார். வால்வு வளைந்திருக்கும், காயலான் கடைக்குப் போட்டுவிடச் சொல் என்று முதலாளி போனில் சொல்லிவிட்டார். வண்டி போனால் வகுப்பும் போகும்.

“ஏனுங்க, ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிப் பாக்கட்டுங்களா?”

“சாவியத் தொடாதீங்க டீச்சர். நல்லா இருக்கற வால்வையும் வளச்சுப்போடுவீங்க.”

மதியம், நான் சேலத்துக் கடைக்குப் போன் பண்ணிச் சொல்லியிருந்த புது பெல்ட்டை பஸ் கண்டக்டர் கொண்டுவந்து கொடுத்தார். பெல்ட் ஓடும் பல்சக்கரங்களான புல்லிகள் இரண்டையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தேன்.

“புல்லியில புள்ளி இருக்குதுங்க. அது இஞ்சின்ல போட்டிருக்கற கோட்டுக்கு நேரா நிக்கோணும்.”

டீச்சர் சிரித்தார். “நோட்டுல ‘ல’வுக்கும் ‘ள’வுக்கும் ஒரே ‘ல’ போட்ட ஆளுதான நீங்க, மாதையண்ணா?”

“நோட்டுல மாறுனா நீங்க திருத்துவீங்க. இங்க மாறுனா இஞ்சின் போயிருமுங்க.”

மேலும் கீழும் புள்ளியைக் கோட்டுக்கு நேராக நிறுத்தி பெல்ட்டை மாட்டினேன். ஸ்பேனர் போட்டுக் கீழ்ப் புல்லியை மெதுவாக இரண்டு சுற்றுச் சுற்றினேன். வால்வு வளைந்திருந்தால் எங்கேயாவது முட்டும். முட்டவில்லை. புள்ளிகள் இரண்டும் கோட்டிலேயே வந்து நின்றன.

“இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க டீச்சர்.”

இஞ்சின் முதல் தடவையிலேயே பிடித்தது. சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. வலித்த இடுப்பை நிமிர்த்திக்கொண்டு பக்கத்துச் சீட்டில் ஏறினேன். சாயங்கால வகுப்புக்கு நேரமாகியிருந்தது. ஏரியைத் தாண்டி ஏற்றத்தில் ஒரு டூரிஸ்ட் வேனை முந்தினோம்.