பெருமை பேசினால் பெயரும் தரை

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், ஓர் உல்லாசப் படகின் தரையில், யாராவது பீற்றிக்கொண்ட மறுகணமே, டக்கென்று ஒரு சில்லு பெயர்ந்தது. சின்னப் பீற்றலுக்குக் கடுகளவு, பெரிய பீற்றலுக்குக் கட்டைவிரல் நகமளவு. தரை மரமுமல்ல; அமுக்கிய மரத்தூளின் மேல் தேக்கின் படத்தை ஒட்டிய லேமினேட் பலகை. "அசல் தேக்கு" என்று படகு முதலாளி விருந்தாளி ஒருவரிடம் சொன்ன அன்றுதான் முதல் சில்லு பெயர்ந்தது.

சரிசெய்ய வந்தவர் தூரத்து ஊர்க்காரர். படகில் அவருக்கு ஒட்டுக்காரர் என்று பெயர். வெளிறிய மெழுகையும் கறுத்த மெழுகையும் சேர்த்து உருக்கி, பள்ளத்தில் விட்டு, வழித்து, மெல்லிய தூரிகையால் மரரேகை இழுத்து முடிப்பார். நிமிர்வதற்குள் மேல்தளத்தில் முதலாளி, "இந்தத் துறைமுகத்துலயே இப்படியொரு படகு கிடையாது" என்பார். ஒட்டுக்காரர் மறுபடி மண்டிபோடுவார். அவருக்கு முட்டி காய்த்தது, தலை நரைத்தது. முடிக்காமல் ஊர் திரும்ப அவர் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. விட்டுவந்த கைக்குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தது.

"என்னங்க, அந்தத் தரையையே கட்டிக்கிட்டீங்களா?" என்றாள் மனைவி, போனில்.

"எல்லாம் முதலாளி வாயால வந்தது. என் வேலையில ஒருத்தன் குறை சொல்ல முடியுமா? நாளைக்கு முடிச்சுட்டுக் கிளம்புறேன் பாரு."

டக்.

"அதென்ன சத்தம்? நீங்க நாளைக்குன்னு சொல்றப்பல்லாம் கேக்குதே. முதலாளி வாயச் சொல்றீங்க, உங்க வாய் மட்டும் என்ன வாழுதாம்?"

ஒட்டுக்காரர் குனிந்து, தன் காலடியில் பெயர்ந்த புதுச் சில்லைப் பொறுக்கினார். இத்தனை வருடத்துப் பள்ளங்களில் எத்தனை தன்னுடையவை என்று யோசிக்கவே அலுப்பாக இருந்தது. அதன்பின் அவர் வீட்டுக்கு எந்த உறுதியும் சொல்லவில்லை. முதலாளியிடம் போய், "ஐயா, கொஞ்ச நாள் வாயைக் கட்டுங்க. அப்பான்னா போனுன்னு நினைச்சுக்கிட்டிருக்கா என் பொண்ணு" என்றார்.

முதலாளி கட்டினார். சில நாளில் கன்னமிரண்டும் வீங்கின. வந்து பார்த்த மருத்துவர், உள்ளே பேச்சு தேங்கியிருக்கிறது என்றார், ஜலதோஷம் என்று சொல்லும் தொனியில். தரை ஒரு கீறலில்லாமல் முடிந்தது. முதலாளி இறங்கி வந்து பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒட்டுக்காரரும் ஒன்றும் சொல்லாமல் பெட்டியைக் கட்டினார்.

அவர் கரையில் கால் வைப்பதற்குள் முதலாளி தரை முழுக்கக் கம்பளத்தை விரித்து, ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசத் தொடங்கினார். அடியில் சில்லுகள் பெயர்ந்துகொண்டிருந்தன. யாரும் குனிந்து பார்க்கவில்லை. கம்பளம், படகு வாங்கிய அன்றே அதோடு கூட வந்தது.